லீதியாள்: ஊர்ப் பேரா, ஆள் பேரா?

(வேத பாடம்)



நம் சபைக் குடும்பம் ஒன்றில் கர்த்தர் ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தார். ஸ்தோத்திரம்! தகப்பனும் தாயும் ஜெபித்து, "லீதியாள்" என்று பெயர் வைக்கத் தீர்மானித்தார்கள். பிரதிஷ்டைக்கு ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் ஒருநாள் சாயங்காலம் குழந்தையின் அப்பாரு என் வீட்டுக்கு வந்தார். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்து போர்வை நெய்த கை அவருடையது. நம் ஊர்ப் பெயராகிய சென்னிமலைதான் அவருடைய பெயரும். நம் பக்கத்தில் இந்தப் பெயர் உள்ள பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க பாஸ்டர், லீதியாள்னா என்ன அர்த்தமுங்க?"

"வேதத்துல வர்ற நல்ல பேருங்கய்யா."

"அது தெரியுமுங்க. அர்த்தத்தக் கேட்டேன். பையன் பேருப் பொஸ்தகத்தப் பாத்துப்போட்டு ‘அழகானவ’ங்கறான். மருமவ ‘ஒசந்தவ’ங்கறா. ரெண்டுல எதுங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னொண்ணும் கேக்கோணுமுங்க. புள்ளைக்கு வேதப் பேரு வெக்கறாங்க, சந்தோசந்தான். எம் பேரு இந்த ஊரு மலைப் பேரு. அப்ப எம் பேரு ஆவாத பேருங்களா? தண்ணியில முங்கினப்பவே மாத்தியிருக்கோணுமோ? ரெண்டு நாளா ராத்திரி தூக்கம் வரமாட்டீங்குதுங்க."

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி என் இருதயத்தைக் குத்தியது. ஏனென்றால், ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் இரண்டொரு பேரிடம் "பழைய பேரை விட்டுடுங்க" என்று யோசியாமல் சொன்னவன் நான். "ஐயா, ஒரு வாரம் டைம் குடுங்க. வேதத்தைப் பாத்துச் சொல்றேன்" என்று அவரை அனுப்பிவைத்தேன். அந்த ஒரு வாரம் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. லீதியாள் என்பது ஒரு தேசத்தின் பேர்

முதலாவது, பெயர்ப் புத்தகங்களில் போட்டிருக்கிற "அழகானவள்", "உயர்ந்தவள்" என்பதெல்லாம் பிற்காலத்தில் ஒட்டவைத்த அர்த்தங்கள். லீதியா என்பது ஒரு தேசம். லீதியாள் என்றால் "லீதியா தேசத்தாள்", அவ்வளவுதான். மதுரைக்காரி, கோயமுத்தூர்க்காரி என்று நாம் சொல்லுகிறோமே, அதே மாதிரி.

அந்தத் தேசம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்தது. அதன் தலைநகரம் சர்தை. ஆம், வெளிப்படுத்தின விசேஷம் 3-ம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிற அதே சர்தைதான். உலகத்திலேயே முதன்முதலில் நாணயம் அச்சடித்தவர்களில் லீதியர் முக்கியமானவர்கள். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 600 வருஷங்களுக்கு முன்னமே பொன்னும் வெள்ளியும் கலந்த காசு அங்கே புழங்கியது. அதன் கடைசி ராஜா குரோசஸ் பெரிய ஐசுவரியவான். ஏறக்குறைய கி.மு. 546-ல் பெர்சிய ராஜாவாகிய கோரேசு அந்த ராஜ்யத்தைப் பிடித்தான். எஸ்றாவின் புஸ்தகத்தில் யூதரை எருசலேமுக்குத் திரும்ப அனுப்பின அதே கோரேசு!

ஆகவே நம்முடைய லீதியாள் பிறந்த காலத்தில் லீதியா ராஜ்யம் போய் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ராஜா இல்லை, கஜானா இல்லை. பேர் மாத்திரம் மிஞ்சியிருந்தது.

2. ஊர்ப் பேர் உள்ளவர்கள் வேதத்தில் வேறு யார்?

புதிய ஏற்பாட்டிலேயே இன்னும் இரண்டு பேரைக் கவனியுங்கள். ரோமர் 16:12-ல் பவுல் வாழ்த்துகிற பெர்சியாள். பெர்சியா தேசத்தாள் என்பதே அந்தப் பெயர். 1 கொரிந்தியர் 16:17-ல் வருகிற அகாயுக்கு. அகாயா நாட்டான் என்று அர்த்தம். பழைய ஏற்பாட்டில் செருபாபேல் என்ற பெயரைப் பாருங்கள். "பாபிலோனில் பிறந்தவன்", "பாபிலோனின் வித்து" என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். சிறையிருப்பின் ஊர்ப்பேர் அது! கேட்கிறவர்களுக்கு ஜனங்கள் அழுத நாட்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் எருசலேமில் தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போட கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தின கை அந்தச் செருபாபேலின் கைதான் (சகரியா 4:9).

ஏன் ஊர்ப் பேரை ஆளுக்கு வைத்தார்கள்? பல காரணங்கள் உண்டு. கிரேக்கர்கள் தங்கள் அடிமைகளை அவர்கள் வந்த தேசத்தின் பேராலேயே கூப்பிடுவது வழக்கம் என்று அந்தக் காலத்து ஆசிரியரான ஸ்திராபோ எழுதியிருக்கிறார். லீதியாவிலிருந்து வந்தவனுக்கு "லீதன்", சீரியாவிலிருந்து வந்தவனுக்கு "சீரன்". தாய் தகப்பன் ஆசையாய் வைத்த பேரைச் சந்தையிலேயே இழந்துபோனவர்கள் அவர்கள். அதனால் லீதியாளும் ஒரு காலத்தில் அடிமையாயிருந்து விடுதலையானவளாய் இருக்கலாம் என்று சில வேத பண்டிதர்கள் நினைக்கிறார்கள். இன்னும் சிலர், நல்ல அந்தஸ்துள்ள ஸ்திரீகளுக்கும் இந்தப் பேர் இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு என்று காட்டுகிறார்கள்.

எப்படியானாலும் ஒன்று நிச்சயம். அந்தப் பேருக்குள் அவளுடைய குணத்தைப்பற்றி ஒன்றுமே இல்லை. "அந்தப் பக்கத்திலிருந்து வந்த பொம்பளை" என்பதுதான் பேர். அதற்கு மேலே உள்ளதெல்லாம் கர்த்தர் செய்தது.

3. சாயத்தின் ஊரிலிருந்து வந்தவள்

லீதியாளின் சொந்த ஊர் தியத்தீரா. இன்று துருக்கியில் அக்கிசார் என்று பெயர். அந்த ஊரில் கிடைத்த கல்வெட்டுகளில் தொழிலாளர் சங்கங்களின் பேர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாயக்காரர் சங்கம், கம்பளிக்காரர் சங்கம், சணல்நூல் துணிக்காரர் சங்கம், தோல் வேலைக்காரர் சங்கம், வெண்கலத் தச்சர் சங்கம் என்று. வாசிக்கும்போதே நம் சென்னிமலை ஞாபகம் வரவில்லையா? இங்கேயும் ஒரு தெருவில் பாவு, ஒரு தெருவில் தார் சுற்றுதல், ஒரு தெருவில் தறிச்சத்தம். நெசவாளர் சங்கங்களால் பேர் பெற்ற ஊர்தானே நம்முடையது!

அவள் விற்றது இரத்தாம்பரம். உயர்ந்த ரக இரத்தாம்பரச் சாயம் கடல் நத்தையிலிருந்து எடுப்பது. 1909-ம் வருஷம் பால் ஃபிரீட்லேண்டர் என்கிற இரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் எவ்வளவு தெரியுமா? 1.4 கிராம்! ஒரு சிட்டிகை அளவு. அதனால்தான் அது ராஜாக்களின் உடையாயிற்று. தியத்தீராப் பக்கத்திலோ மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தார்கள் என்றும் சொல்லுகிறார்கள். நம் தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் பழைய நாட்களில் சாயவேர் என்கிற செடியின் வேரைக் காய்ச்சித்தான் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். நூலை நனைத்து, காயவைத்து, மறுபடி நனைத்து, சாயம் நூலின் உள்ளே இறங்கும் வரைக்கும் விடமாட்டார்கள். சாயம் மேலோடு நின்றால் முதல் சலவையிலேயே போய்விடும் என்று நம்மில் யாருக்குத் தெரியாது?

4. ஆசியாவில் அடைத்த கதவு

இப்பொழுது ஒரு ஆச்சரியத்தைப் பாருங்கள். அப்போஸ்தலர் 16:6-ல், ஆசியாவிலே வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவர் பவுலைத் தடுத்தார். தியத்தீரா அந்த ஆசியாவில்தான் இருக்கிறது. பவுல் துரோவாவுக்கு வருகிறார். இராத்திரியில் மக்கெதோனியா தேசத்து மனுஷன் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம். கப்பலேறி, நெயாப்போலியில் இறங்கி, பிலிப்பிக்குப் போகிறார். இது ஏறக்குறைய கி.பி. 50.

கூப்பிட்டது ஒரு ஆம்பிளை. அங்கே போனால், ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் கூடியிருந்தது பெண்கள். கூப்பிட்டது மக்கெதோனியன். ஆனால் முதலில் இருதயம் திறந்தது ஆசியாக்காரிக்கு! எந்த நாட்டில் பேசக்கூடாதென்று ஆவியானவர் தடுத்தாரோ, அந்த நாட்டு மகளையே வேறொரு நாட்டு ஆற்றங்கரையில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். அல்லேலூயா! தேவன் கதவை அடைத்தால் அந்த ஜனத்தை மறந்துவிட்டார் என்று அர்த்தமல்ல.

அவளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே என்ன செய்தாள்? தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். வந்து தங்கவேண்டும் என்று ஊழியக்காரரை வற்புறுத்தினாள். பவுலும் சீலாவும் அடிபட்டு, சிறையிலிருந்து வெளியே வந்ததும் போன வீடு அதுதான் (அப். 16:40). போலீஸ் பிடித்துப் போன ஆட்களை வீட்டுக்குள் சேர்ப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று யோசியுங்கள். ஊரில் வியாபாரம் பண்ணுகிறவளுக்குப் பேர் கெட்டுப்போனால் சரக்கு விற்காது. அவள் பயப்படவில்லை. சாயம் உள்ளே இறங்கியிருந்தது.

குரோசஸ் ராஜாவின் பேரை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? லீதியாளின் பேரோ நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். பிலிப்பி பட்டணத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், இன்றைய கிரீஸ் தேசத்தில், அவள் பேரால் "லீதியா" என்றே ஒரு கிராமம் இருக்கிறது. ஊர்ப் பேர் ஆளுக்கு வந்தது. ஆளின் பேர் மறுபடியும் ஊருக்குப் போனது!

5. பழைய பேர் தீட்டா?

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆபிராமை ஆபிரகாம் என்றும், யாக்கோபை இஸ்ரவேல் என்றும் கர்த்தரே மாற்றினார், மெய்தான். ஆனால் விசுவாசிகள் எல்லாரும் பேரை மாற்றவேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் கட்டளை இல்லை. "சவுல் மனந்திரும்பினதால் பவுல் ஆனான்" என்று நாம் பிரசங்கத்தில் சொல்லுவதுண்டு. அப்போஸ்தலர் 13:9-ஐ வாசியுங்கள். இரண்டும் அவருக்கு இருந்த பேர்களே.

பிலிப்பி சபை பவுலுக்கு உதவியாய் அனுப்பின சகோதரன் எப்பாப்பிரோதீத்து (பிலி. 2:25). அந்தப் பேர் கிரேக்கரின் அப்ரோதீத்து என்கிற தேவதையின் பேரிலிருந்து வந்தது. அப்பொல்லோ என்கிற பேர் அப்போலோ என்கிற தேவனுடைய பேரிலிருந்து வந்தது. கெங்கிரேயா சபை ஊழியக்காரியாகிய பெபேயாளின் பேர், தியானாள் தேவதைக்கு வழங்கின பட்டப்பேர்களில் ஒன்று. இவர்களில் ஒருவரிடமாவது பவுல், "முதலில் பேரை மாற்று, அப்புறம் வா" என்று சொன்னதாக இல்லை. அதே பேரைச் சொல்லித்தான் சகோதரன், சகோதரி என்று கட்டித் தழுவினார். அந்தப் பேர்களே இன்று நம் வேதாகமத்தில் அச்சாகியிருக்கின்றன.

ஆகவே பெரியவர்களே, அம்மாமார்களே, உங்கள் தாய் தகப்பன் ஆசையாய் வைத்த பேரைக்குறித்து நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே பாரமிருந்தால் அது வேறு காரியம். யாரும் உங்களை நெருக்கக்கூடாது. முன்னே அப்படி நெருக்கினவன் நானே என்பதால் தாழ்மையோடு இதை எழுதுகிறேன்.

6. பிள்ளைக்கு இந்தப் பேர் வைக்கிறவர்களுக்கு

அப்போஸ்தலருடைய நடபடிகள் தரங்கம்பாடியில் தமிழில் அச்சானது 1714-ல். சுவிசேஷங்களோடுகூட சீகன்பால்கு ஐயர் அதை வெளியிட்டார். அப்படியானால் லீதியாளின் கதை தமிழ் அச்சில் வந்து 300 வருஷத்துக்கு மேலாகிறது. பழைய மொழிபெயர்ப்பின்படி லீதியாள் என்கிறோம். ஆங்கில வழியில் வந்தால் லிடியா. 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பரிசு வாங்கின சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லிடியன் என்பது மேல்நாட்டு சங்கீதத்தில் ஒரு ஸ்வர வரிசை, நம்முடைய கல்யாணி ராகத்துக்கு இணையானது. அதற்கும் இந்தத் தேசத்தின் பேர்தான்.

ஏன் இந்தப் பேர் நமக்குப் பிடித்திருக்கிறது? சொல்ல இலகு. அதற்குமேல், அது வேலை செய்து சம்பாதித்த ஒரு பெண்ணின் பேர். அவளுடைய புருஷன் பேரையோ தகப்பன் பேரையோ வேதம் சொல்லவில்லை. "அவள் வீடு" என்றுதான் சொல்லுகிறது. பொம்பளைப் பிள்ளை பிறந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறபடியால், இந்தப் பேரை வீட்டில் கூப்பிடுகிற ஒவ்வொரு தரமும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடைமுறை ஆலோசனையும் சொல்லுகிறேன். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பேரை ஒரு வருஷத்துக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பிந்தினால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷத்துக்குள் பதியவேண்டும். லீதியாளா, லிடியாவா என்று முதலிலேயே முடிவு பண்ணி, எல்லாச் சான்றிலும் ஒரே எழுத்தாய் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று போனால் பின்னால் பிள்ளை அலைய வேண்டியிருக்கும்.

7. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுங்கள்

1904-ல் இதே சென்னிமலையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் குமாரசாமி என்று ஒரு பிள்ளை பிறந்தான். 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில், கையில் கொடியோடு அடிபட்டு மரித்தான். இன்று உலகம் அவனைத் திருப்பூர் குமரன் என்கிறது. பிறந்த ஊர்ப் பேர் அல்ல, ஜீவனைக் கொடுத்த ஊர்ப் பேர் அவனோடு சேர்ந்துகொண்டது. ஈ.வெ.ரா. என்கிற எழுத்துகளில் முதல் எழுத்து ஈரோடுதான். இப்படி மனுஷன் ஊரைச் சுமக்கிறான், ஊரும் மனுஷனைச் சுமக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. நமக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள். விவசாயத்துக்கென்று கட்டின அணையில் சாயக்கழிவு வந்து தேங்கினது. தோட்டம் கெட்டது, கிணறு கெட்டது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. அந்த அணையின் பேரைக் கேட்டால் இன்றைக்கும் நம் விவசாயிகளுக்கு முகம் வாடுகிறது. ஊர்ப் பேரில் என்ன குற்றம்? மனுஷர் கையில்தான் பேர் கெட்டது.

சாயத் தொழிலிலோ தறித் தொழிலிலோ இருக்கிற சகோதரர்களே, லீதியாளும் சாயக்காரிதான். உங்கள் பில்லும் அளவும் கழிவுத் தண்ணீரும் கர்த்தர் பார்வையில் எப்படியிருக்கிறது? "விசுவாசிங்க, ஆனா நூலு எடையில கொறையுது" என்று பக்கத்துத் தறிக்காரர் சொன்னால், பிள்ளைக்கு லீதியாள் என்று பேர் வைத்து என்ன பிரயோஜனம்? நம்முடைய வேலை ஊரின் பேரை மாற்றுவதல்ல. இருக்கிற ஊருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதே.

சொன்னபடி ஒரு வாரம் கழித்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். தறிப்பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னேன். எப்பாப்பிரோதீத்து என்ற பேரை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"அப்ப லீதியாள்னா அந்தூர்க்காரின்னுதானுங்க அர்த்தம்?"

"அவ்வளவுதானுங்கய்யா. மிச்சத்தைக் கர்த்தர் எழுதினார்."

"எம் பேத்திக்கும் அவரே எழுதட்டுமுங்க. நானும் அவளும் ரெண்டு பேருமே ஊருப் பேருக்காரங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை ஆராதனையில் குழந்தையை என் கையில் கொடுத்தவர் அந்த அப்பாருதான். தகப்பனுடைய எழுத்துக்கு முன்னால் "செ" என்று ஊர் எழுத்தும் சேர்த்துப் பதிவதாய்க் குடும்பத்தார் முடிவு பண்ணியிருந்தார்கள். ஆசியாவில் ஒரு ஊர், கொங்கு நாட்டில் ஒரு ஊர், இரண்டும் ஒரே பிள்ளையின் பேரில். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான்.

சிந்தித்து ஜெபிக்க:

• என் பேரைச் சொன்னதும் என் தெருவில் இருக்கிறவர்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?
• என் பிள்ளைக்கு வைத்த பேரின் கதையை நான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனா?
• பேரையோ ஊரையோ சொல்லி நான் யாரையாவது தாழ்வாய் நினைத்ததுண்டா?

அன்புள்ள பரம பிதாவே, எங்கள் பேர்களை அறிந்திருக்கிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். லீதியாளின் இருதயத்தைத் திறந்ததுபோல எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் இருதயத்தையும் திறந்தருளும். நாங்கள் வசிக்கிற இந்த ஊருக்கு எங்களால் நன்மை உண்டாகட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.